யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்கு மிர்னீசி சீரம்/பிளாஸ்மா அட்வான்ஸ்ட் கிற் சரிவருமா?

பெருங்குடல் புற்றுநோயை இரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏக்களை வைத்து இனங்காணலாமா என்று ஆராயத் தலைப்பு எடுத்தவருக்கு, நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த கையோடு வரும் முதற் கவலை கிற்தான், அதாவது இரத்தத்திலிருந்து மைக்ரோ ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுக்கும் பொருட்கள் அடங்கிய பெட்டி. ஆய்வுப் பணம் ஒருமுறைதான் கிடைக்கும். பொருள் கொழும்பிலிருந்து வரவேண்டும். பிழையான பெட்டி வந்துவிட்டால் திருப்பி அனுப்புவது லேசான காரியமல்ல. ஆகவே கியாஜென் நிறுவனத்தின் மிர்னீசி சீரம்/பிளாஸ்மா அட்வான்ஸ்ட் கிற்றையும், பிரித்தெடுத்ததைப் பிறகு அளக்கத் தேவைப்படும் மிர்கியூரி எல்.என்.ஏ தொகுதியையும் எங்கள் ஊர் வெக்கை, மின்தடை, தூரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். கிற் நல்லது, வாங்கலாம். பழைய பீனோல் கிற்றைவிட யாழ்ப்பாணத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ஆய்வின் தலைவிதி கிற்றைத் திறக்குமுன்னரே, இரத்தம் எடுத்த ரியூபுக்குள் முடிவாகிவிடுகிறது. ஊசியிலும் சென்ரிபியூஜிலும் (மாதிரியை வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் மெஷின்) கவனம் வைக்க நேரமில்லாதவர் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது ஏறத்தாழ 22 நியூக்கிளியோரைட்டு நீளமான சிறு துண்டு. அது புரதமாக மாறுவதில்லை. புரதத்துக்கான செய்தியைக் கொண்டுசெல்லும் எம்.ஆர்.என்.ஏக்களில் போய் ஒட்டி, அவற்றிலிருந்து புரதம் உண்டாவதைக் குறைக்கிறது. 1993 இல் சி.எலிகன்ஸ் என்ற சிறு புழுவில் முதலாவதைக் கண்டவர்களில் விக்டர் அம்ப்ரோஸ், கரி ருவ்குன் இருவருக்கும் 2024 இல் நோபல் பரிசு கிடைத்தது. பெருங்குடல் கட்டிகளில் மிர்-143, மிர்-145 (மைக்ரோ ஆர்.என்.ஏக்களை ‘மிர்’ என்ற சுருக்கத்தோடு எண் இட்டுத்தான் அழைப்பார்கள்) இரண்டும் குறைந்திருப்பதை 2003 இல் அறிவித்தார்கள். கட்டியில் மிர்-21 கூடியவர்களின் நிலைமை மோசமாகிறது என்பது 2008 இல் வந்தது. அதே ஆண்டில்தான், இரத்தப் பிளாஸ்மாவிலும் (கலங்களை நீக்கிய திரவம்) இவை உடையாமல் கிடக்கின்றன என்று நன்றாக நிறுவப்பட்டது. வெறும் ஆர்.என்.ஏயைப் பிளாஸ்மாவில் விட்டால் அங்குள்ள நொதியங்கள் உடனே அரித்துவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் ஆர்கோனோட் புரதத்தைப் பற்றிக்கொண்டோ, கலங்கள் வெளிவிடும் நுண்பைகளுக்குள் அடங்கியோ இருப்பதால் தப்புகின்றன. 2009 இல் ஹொங்கொங் குழு ஒன்று பிளாஸ்மாவிலுள்ள மிர்-92ஐ வைத்து, புற்றுநோய் உள்ளவர்களில் 89 வீதமானோரை இனங்கண்டது. இல்லாதவர்களில் 70 வீதமானோரைச் சரியாக விலக்கியது. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பெட்டிக்கு வருவோம். ஒரு பெட்டி 50 மாதிரிகளுக்கு. உள்ளே மின்எலூட் கொலங்கள் (ஆர்.என்.ஏயைப் பிடித்து வைக்கும் சவ்வுள்ள சிறு குழாய்கள்), ஆர்.பி.எல், ஆர்.பி.பி, ஆர்.டபிள்யூ.ரி, ஆர்.பி.ஈ என்ற நான்கு பஃபர்கள் (கரைசல்கள்), ஆர்.என்.ஏஸ் இல்லாத நீர், சேகரிக்கும் ரியூபுகள் இருக்கும். இல்லாதவற்றைத்தான் கவனிக்க வேண்டும். ஐசோபுரொப்பனோலும் எதனோலும் நீங்கள் வாங்க வேண்டியவை. பிரித்தெடுப்பைச் சரிபார்க்க எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் செயற்கையான சி.எலிகன்ஸ் மிர்-39, அதாவது ஸ்பைக்-இன், தனிப் பொருள், தனி விலை. விலைமனுவில் அதைத் தனி வரியாகக் கேட்காவிட்டால் வராது. அது இல்லாமல் 50 மாதிரி பிரித்தெடுத்தால், எந்த மாதிரியில் ஆர்.என்.ஏ ஒழுகிப் போனது என்று அறிய வழியே இல்லை.

வைப்பு வெப்பநிலை விடயத்தில் எங்கள் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கொலங்கள் 2 முதல் 8 பாகை செல்சியஸில், அதாவது சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். மற்றவை ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருக்கும். நிறுவனம் கருதும் அறை 15 முதல் 25 பாகை வரை. சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்து அறை அந்த அளவில் நிற்காது. மேசைக்கு அடியில் பெட்டியை வைக்காமல், இரவும் பகலும் ஏசி ஓடும் அறையில் வையுங்கள். இரவில் ஏசியை நிறுத்தும் வழக்கமுள்ள இடமாயின் பஃபர்களை வேறோர் அறைக்கு மாற்றுங்கள். ஆர்.டபிள்யூ.ரி, ஆர்.பி.ஈ இரண்டும் செறிவாக வரும். லேபலில் உள்ள அற்ககோலை லேபலில் உள்ள அளவில் ஊற்றி, மூடியில் திகதியுடன் அடையாளம் இடவேண்டும். அற்ககோல் சேர்க்காத பஃபரால் கழுவினால் கொலத்தில் பிடித்த ஆர்.என்.ஏ முழுவதும் கழுவுநீரோடு போய்விடும். இருவர் மாறி மாறி வேலை செய்யும் ஆய்வுகூடங்களில் இந்தப் பிழை சுலபமாக நடக்கும்.

அட்வான்ஸ்ட் என்ற சொல் இல்லாத பழைய மிர்னீசி சீரம்/பிளாஸ்மா கிற்றும் இருக்கிறது. அதில் 200 மைக்ரோலீற்றர் பிளாஸ்மாவுக்கு 1 மில்லிலீற்றர் கியாசோல், 200 மைக்ரோலீற்றர் குளோரோபோம் விட்டு, 4 பாகையில் 12,000 ஜி விசையில் (புவியீர்ப்பின் 12,000 மடங்கு) 15 நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த படையை எடுக்க வேண்டும். கியாசோலில் பீனோல் உண்டு; தோலில் பட்டால் சுடும். புகையிழுக்கும் கூடு கட்டாயம். குளிரூட்டும் சென்ரிபியூஜ் இல்லாமல் 30 பாகை அறையில் இதைச் செய்தால் படைகள் சீராகப் பிரியாது, பீனோல் மேற்படைக்குக் கசிந்து, பிறகு அளவெடுக்கச் செய்யும் பி.சி.ஆரைக் குழப்பும். கடைசியில் கிடைப்பதும் 12 மைக்ரோலீற்றர்தான். அட்வான்ஸ்ட் கிற்றில் பீனோலும் இல்லை, குளோரோபோமும் இல்லை. பிரித்தெடுப்பு முழுக்க அறை வெப்பநிலையிலேயே நடக்கும். நல்ல புகைக்கூடு இல்லாத இடத்துக்கு அந்த ஒரு காரணமே போதும். பழைய கிற்றில் பாதி மாதிரிகளை முடித்துவிட்டவர் மட்டும் இடையில் மாறக்கூடாது. இரண்டு கிற்றும் ஒரே அளவு ஆர்.என்.ஏயை எடுப்பதில்லை. நோயாளரை ஒன்றிலும் ஒப்பீட்டுக் குழுவினரை மற்றதிலும் செய்தால், வரும் வித்தியாசம் கிற்றுடையதாகவே இருக்கும்.

இனி இரத்தம். இந்த விமர்சனத்தில் நீளமான பகுதி இதுதான், ஏனென்றால் பணம் வீணாகும் இடமும் இதுதான்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அதிகம் பேசப்படும் மிர்-92ஏ செங்குருதிக் கலங்களுக்குள்ளும் தாராளமாக இருக்கிறது. மாதிரியில் கொஞ்சம் செங்கலம் உடைந்தாலே பிளாஸ்மாவில் மிர்-92ஏ கூடும், புற்றுநோய் போலவே தெரியும். மிர்-16, மிர்-451ஏ, மிர்-486 ஆகியவற்றுக்கும் இதே கதை. குருதிச் சிறுதட்டுகளும் வெண்குருதிக் கலங்களும் மிர்-21, மிர்-223 போன்றவற்றைச் சிந்தும். வாட்டில் அவசரத்தில் எடுத்த நோயாளி இரத்தத்தையும், ஆய்வுகூடத்தில் ஆறுதலாக எடுத்த சுகதேகி இரத்தத்தையும் ஒப்பிட்டால் ஊசி குத்திய விதந்தான் முடிவாக வரும்.

ரியூப் ஊதா மூடி, ஈ.டி.ரி.ஏ உள்ளது. பச்சை மூடி ஹெப்பாரின் ரியூபைத் தொடவே வேண்டாம். ஹெப்பாரின் ஆர்.என்.ஏயோடு சேர்ந்து வந்து ஆர்.என்.ஏயை டி.என்.ஏயாக மாற்றும் ஆர்.ரி நொதியத்தையும் பி.சி.ஆரையும் முடக்கும். ஹெப்பாரின் ஊசி ஏற்றப்பட்டவர், டயாலிசிஸ் செய்பவர் என்றால் படிவத்தில் குறிப்பிடுங்கள். ரியூப் சரியாக இருந்தும் அவருடைய மாதிரி கெடலாம். சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) வேண்டாம், பிளாஸ்மாவே எடுங்கள். இரத்தம் உறையும்போது சிறுதட்டுகள் தம்மிடமுள்ளதைக் கொட்டிவிடுகின்றன, உறையும் நேரமும் ஆளுக்காள் மாறும்.

21 கேஜ் ஊசி. கட்டுப்பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக்கூடாது. சிரிஞ்சில் எடுத்து ஊசியோடு ரியூபுக்குள் அழுத்திப் பீய்ச்சினால் செங்கலம் உடையும். வெற்றிட ரியூபில் நேரடியாக எடுங்கள். எடுத்ததும் 8 முதல் 10 தடவை மெதுவாகத் தலைகீழாக்கித் திருப்புங்கள், குலுக்க வேண்டாம். காலையில், வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும் சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மா கொழுப்பால் பால்போலக் கலங்கி, பிறகு செய்யும் ஒளியுறிஞ்சல் அளவீட்டைப் பொய்யாக உயர்த்திவிடும். கொலனோஸ்கோபிக்கான பேதி மருந்து குடிக்குமுன், சத்திரசிகிச்சைக்கு முன், கீமோ தொடங்குமுன் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்குள் முதற் சுற்று முடிய வேண்டும். தெல்லிப்பழை வைத்தியசாலையில் எடுத்த இரத்தம் காங்கேசன்துறை வீதியால் யாழ் நகருக்கு வருவது இந்த நேரத்துக்குள் முடியக்கூடியதுதான். வரும் விதம்தான் பிரச்சினை. மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸ் உடைத்துப் போட்டு அதற்குள் ரியூபைப் புதைத்தால், ஐஸ் தொடும் பக்கத்தில் செங்கலங்கள் உடையக்கூடும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தால் குலுக்கத்தில் உடையும். ரியூபுகளை நிமிர்த்தி ராக்கில் வைத்து, துணியால் சுற்றி, ஐஸ் படாமல் கொண்டுவாருங்கள். முடிந்தால் இன்னும் நல்ல வழி, சிறிய சென்ரிபியூஜ் ஒன்றை எடுக்கும் இடத்திலேயே வைத்து முதற் சுற்றை அங்கேயே முடித்துவிடுவது. பிரித்த பிளாஸ்மா பயணத்தைத் தாங்கும்; முழு இரத்தம் தாங்காது.

இரண்டு சுற்றுகள் வேண்டும். முதலாவது 4 பாகையில் 1,900 ஜி, 10 நிமிடம். மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுக்கும்போது செங்கலங்களுக்கு மேலுள்ள வெள்ளைப் படைக்கு மேல் அரை சென்ரிமீற்றர் மிச்சம் விடுங்கள். கடைசித் துளிக்கு ஆசைப்பட்டால் வெண்கலமும் சிறுதட்டும் பைப்பெற்றில் ஏறும். எடுத்ததைப் புதிய ரியூபுக்கு மாற்றி 16,000 ஜியில் இன்னொரு 10 நிமிடம் சுற்றினால் சிறுதட்டுகள் அடியில் படியும். இந்த இரண்டாம் சுற்றை உறைய வைக்குமுன் செய்ய வேண்டும். உறைந்து உருகும்போது சிறுதட்டுகள் உடைந்துவிடும், அதன்பின் எத்தனை தரம் சுற்றியும் பயனில்லை.

ஜி விசைக்கும் ஆர்.பி.எம்முக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்.பி.எம்மின் வர்க்கத்தை, சென்ரிமீற்றரில் அளந்த ஆரையாலும் 0.00001118 ஆலும் பெருக்கினால் ஜி வரும். 16 சென்ரிமீற்றர் ஆரையுள்ள மேசைச் சென்ரிபியூஜில் 1,900 ஜிக்கு ஏறத்தாழ 3,260 ஆர்.பி.எம் வேண்டும். 8.4 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சிறிய மெஷினில் 13,000 ஆர்.பி.எம் கொடுத்தால் 16,000 ஜியைக் கிட்டத்தட்ட எட்டும். ‘3,000இல் சுற்றினோம்’ என்று மட்டும் எழுதிய குறிப்பேட்டை வைத்து இன்னொருவர் அதே வேலையைத் திருப்பிச் செய்ய முடியாது.

பிளாஸ்மாவை 250 மைக்ரோலீற்றர் வீதம் பிரித்து, பாகை மறை 80 பிறீசரில் வையுங்கள். ஒரு பிரித்தெடுப்புக்கு 200 தேவை, மிச்சம் பைப்பெற் நட்டத்துக்கு. ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். பிறீசர் ஜெனரேற்றர் இணைப்பில் இருக்கிறதா, மின்சாரம் போய் ஜெனரேற்றர் ஏற எவ்வளவு நேரமாகிறது, இரவில் யாராவது பார்க்கிறார்களா என்பதைப் பிறீசரைத் தரும் பிரிவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

உறைய வைக்குமுன் ஒவ்வொரு மாதிரியின் குருதிச்சிதைவையும் பார்க்க வேண்டும். வெறும் கண் போதாது. இளஞ்சிவப்பு தெரிய முன்னரே மிர்-451ஏ கூடிவிட்டிருக்கும். 2 மைக்ரோலீற்றரை நானோட்ரொப் என்ற ஒளியுறிஞ்சல் அளக்கும் கருவியில் வைத்து 414 நானோமீற்றரில் ஒளியுறிஞ்சலைப் பாருங்கள், ஹீமோகுளோபின் அங்கேதான் உறிஞ்சும். 0.2 ஐத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்குவது பலரும் கைக்கொள்ளும் எல்லை. கொழுப்புக் கலங்கிய மாதிரியில் 414இல் தனிச் சிகரம் இருக்காது, முழுக் கோடுமே உயர்ந்திருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் கோட்டின் வடிவத்தையும் பாருங்கள். இதற்குச் செலவாகும் பணம் ஒன்றுமில்லை, நேரம் மாதிரிக்கு ஒரு நிமிடம். இதைச் செய்யாத ஆய்வின் மிர்-92ஏ முடிவை நாங்கள் நம்பமாட்டோம்.

பிரித்தெடுப்பு நாள். உருகிய பிளாஸ்மாவை 16,000 ஜியில் 5 நிமிடம் சுற்றுங்கள். உருகும்போது உண்டாகும் வெண்படிவு கொலத்தை அடைக்கும். தெளிந்த 200 மைக்ரோலீற்றருக்கு ஆர்.பி.எல் 60 மைக்ரோலீற்றர் விட்டு 5 விநாடி வோர்ட்டெக்ஸ் (மெஷினில் வேகமாகக் கலக்குதல்) செய்து 3 நிமிடம் விடுங்கள். ஸ்பைக்-இன் சேர்க்க வேண்டியது இதற்குப் பிறகுதான். ஆர்.பி.எல்லில் உள்ள குவானிடீன் நொதியங்களைச் செயலிழக்க வைத்திருக்கும். அதற்கு முதல் பிளாஸ்மாவில் விட்டால், பாதுகாப்பில்லாத அந்தச் செயற்கை மிர்-39 அங்கேயே அழிந்துவிடும், பிறகு பி.சி.ஆரில் எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்று காட்டும் சி.ரி எண் தாறுமாறாக வரும்போது கொலத்தைக் குறைசொல்வீர்கள்.

ஸ்பைக்-இன் உலர்ந்த தூளாக 10 பிக்கோமோல் வரும். 300 மைக்ரோலீற்றர் நீரில் கரைத்தால் மைக்ரோலீற்றருக்கு 2,000 கோடி பிரதிகள். அதில் 4ஐ எடுத்து 16 நீரில் கலந்து, அந்தக் கலவையில் 2ஐ எடுத்து 48 நீரில் கலந்தால் மைக்ரோலீற்றருக்கு 16 கோடி பிரதிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் இதில் 3.5 மைக்ரோலீற்றர். ஐதாக்கியதை மிச்சம் பிடித்து அடுத்த கிழமைக்கு வைக்காதீர்கள். செறிந்த கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாக ஐதாக்குங்கள்.

பிறகு ஆர்.பி.பி 20 மைக்ரோலீற்றர், 20 விநாடிக்குக் குறையாமல் வோர்ட்டெக்ஸ், 3 நிமிடம் பொறுத்து 12,000 ஜியில் 3 நிமிடம். புரதம் அடியில் வெள்ளையாக இறுகும். மேல்திரவம் ஏறத்தாழ 230 மைக்ரோலீற்றர் வரும், அது தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வோர்ட்டெக்ஸ் போதவில்லை. மீண்டும் கலக்கிச் சுற்றுங்கள். அடிப்படிவைப் பைப்பெற் நுனி தொட்டால் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள், ஆனால் எல்லா மாதிரியிலும் ஒரே அளவே எடுக்க வேண்டும். 220 என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்ல வழி. சம அளவு ஐசோபுரொப்பனோல் கலந்து கொலத்தில் ஏற்றி 8,000 ஜியில் 15 விநாடி. பிறகு ஆர்.டபிள்யூ.ரி 700, ஆர்.பி.ஈ 500, 80 வீத எதனோல் 500 மைக்ரோலீற்றர் என இதே வரிசையில் கழுவுங்கள். எதனோல் சுற்று 2 நிமிடம். அதன்பின் மூடியைத் திறந்து முழு வேகத்தில் 5 நிமிடம் உலர விடவேண்டும். அவசரத்தில் இந்த ஐந்தை இரண்டாக்குபவர்கள் உண்டு. மிஞ்சிய எதனோல் பி.சி.ஆரைத் தடுக்கும். கடைசியாக 20 மைக்ரோலீற்றர் நீரைச் சவ்வின் நடுவில் துளியாக விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, முழு வேகத்தில் ஒரு நிமிடம். சுவரில் விட்ட நீர் ஆர்.என்.ஏயைக் கழற்றாது.

கிடைத்ததை நானோட்ரொப்பில் அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பிளாஸ்மாவின் ஆர்.என்.ஏ அந்தக் கருவி அளக்கும் எல்லைக்குக் கீழே; வரும் எண் பெரும்பாலும் மிச்ச உப்பினுடையது. நானோகிராம் கணக்கை விட்டுவிட்டு, எல்லா மாதிரிக்கும் ஒரே கன அளவில் ஆர்.ரிக்குப் போங்கள்.

கழிவு பற்றி ஒரு கண்டிப்பான சொல். ஆர்.பி.எல், ஆர்.டபிள்யூ.ரி பட்ட கழிவில் குவானிடீன் உப்பு உண்டு. எங்கள் ஆய்வுகூடங்களில் எதையும் குளோரின் நீரில் போடும் பழக்கம் இருக்கிறது. இந்தக் கழிவில் குளோரினைச் சேர்த்தால் நச்சுவாயு வரும். தனிப் போத்தலில் சேர்த்து, பெரிய எழுத்தில் எழுதி, கழுவும் ஊழியருக்கும் வாயால் சொல்லி வையுங்கள்.

மிர்கியூரி தொகுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் தொல்லை குறைவு. ஒரே ஆர்.ரி வினையில் எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏக்களும் சி.டி.என்.ஏ (பி.சி.ஆருக்கு ஏற்ற டி.என்.ஏ பிரதி) ஆகிவிடும் என்பதுதான் அதன் பெரிய வசதி. ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.ரி பிரைமர் (வினையைத் தொடக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) கேட்கும் முறைகளில், 20 மைக்ரோலீற்றர் ஆர்.என்.ஏ சீக்கிரம் தீர்ந்துபோகும். வினை 10 மைக்ரோலீற்றர்: பஃபர் 2, நொதியம் 1, யுனி.எஸ்.பி.6 என்ற கட்டுப்பாட்டு ஆர்.என்.ஏ 0.5, நீர் 4.5, மாதிரி 2. 42 பாகையில் ஒரு மணித்தியாலம், 95 பாகையில் 5 நிமிடம். பிளாஸ்மா சி.டி.என்.ஏயை 30 மடங்கு ஐதாக்கி, ஒவ்வொரு பி.சி.ஆருக்கும் 3 மைக்ரோலீற்றர் வீதம் எடுத்தால், ஒரு ஆர்.ரி பி.சி.ஆர் தட்டின் 100 கிணறுகளுக்கு (குழிகளுக்கு) போதும். பி.சி.ஆர் 95 பாகையில் 2 நிமிடம், பிறகு 95இல் 10 விநாடி, 56இல் ஒரு நிமிடம் என 40 சுற்று, கடைசியில் சரியான பொருள்தான் பெருகியதா என்று பார்க்க உருகுகோடு. மெஷினுக்கு ஒளி அளவீட்டைச் சமப்படுத்தும் ரொக்ஸ் சாயம் தேவையா என்று முன்பே பாருங்கள். ஓட்டம் இரண்டு மணித்தியாலத்தை நெருங்கும், யு.பி.எஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். 31ஆம் சுற்றில் மின்சாரம் போனால் அந்தத் தட்டு குப்பைக்குத்தான்.

சி.ரி எண்கள் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது புற்றுநோய் அடையாளத்தை அல்ல. மிர்-39 எல்லா மாதிரியிலும் கிட்டத்தட்ட ஒரே சி.ரியில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 2 சுற்றுப் பிந்தினால் அதில் நான்கில் மூன்று பங்கு ஆர்.என்.ஏ தொலைந்திருக்கிறது, அல்லது பி.சி.ஆர் தடைப்பட்டிருக்கிறது. யுனி.எஸ்.பி.6உம் சேர்ந்து பிந்தினால் தடை. மிர்-39 மட்டும் பிந்தினால் பிரித்தெடுப்பில் நட்டம். அடுத்தது குருதிச்சிதைவு: மிர்-23ஏயின் சி.ரியிலிருந்து மிர்-451ஏயின் சி.ரியைக் கழியுங்கள். 5க்குக் கீழே வந்தால் நல்லது. 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியைப் பகுப்பாய்விலிருந்து நீக்குங்கள். இடைப்பட்டவற்றை 414 எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.

மாதிரிக்கு மாதிரி அளவைச் சமப்படுத்தும் ஒப்பீட்டுக்கு யூ6 என்ற சிறு ஆர்.என்.ஏயைப் பழக்கத்தில் போடுவார்கள். அது பிளாஸ்மாவில் நிலையாக இருப்பதில்லை. மிர்-16 செங்கலத்திலிருந்து வருவது, அதுவும் வேண்டாம். மிர்-103ஏ, மிர்-191, மிர்-423 மூன்றையும் ஓட்டி, உங்கள் மாதிரிகளில் எது ஆடாமல் நிற்கிறது என்று நோர்ம்பைண்டர் போன்ற மென்பொருளில் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் கொலனோஸ்கோபி செய்து கட்டி இல்லை என்று உறுதியானவர்களாக, நோயாளர் வயதை ஒத்தவர்களாக, அதே அறையில் அதே கையால் இரத்தம் எடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். 65 வயது நோயாளருக்கு 22 வயது மாணவரை ஒப்பாக வைத்தால் எந்தக் கிற்றாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இந்தக் கிற்றை வாங்கித் தகப்பனுக்குச் சோதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், வேண்டாம். இது ஆய்வுக்கான பொருள், நோய் நிர்ணயத்துக்கு அல்ல. மேலே சொன்ன 89, 70 என்ற எண்களை எடுங்கள். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குப் புற்றுநோய் இருக்கிறதென்று கணக்குக்கு வைத்தால், அந்த ஐவரில் நால்வர் அல்லது ஐவர் பிடிபடுவார்கள். நோயில்லாத 995 பேரில் ஏறத்தாழ 300 பேரும் கூடவே பிடிபடுவார்கள். அத்தனை பேருக்கும் கொலனோஸ்கோபி செய்ய எந்த வைத்தியசாலையாலும் இயலாது, அவர்களும் அவர்களின் வீடுகளும் படும் பயம் வேறு. 2024இல் அமெரிக்க எப்.டி.ஏ அனுமதித்த ஷீல்ட் என்ற இரத்தச் சோதனை டி.என்.ஏயைப் பார்ப்பது, கொலோசென்ஸ் என்ற மலச் சோதனை பார்ப்பது எம்.ஆர்.என்.ஏயை. மைக்ரோ ஆர்.என்.ஏ இன்னும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

அறிகுறியில்லாதவர் இன்று செய்யக்கூடியது பிட் என்ற மலச் சோதனை. மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் என்பதால் இறைச்சியோ பீற்றூட்டோ விலக்கத் தேவையில்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புற்றுநோயில் 79 வீதத்தைப் பிடித்து, இல்லாதவர்களில் 94 வீதத்தைச் சரியாக விலக்கியது. எங்கள் வெக்கையில் ஹீமோகுளோபின் சிதைந்து, உள்ள இரத்தமும் இல்லையென்று வரக்கூடும். எடுத்த குச்சியை அன்றே ஒப்படையுங்கள், முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மலத்தில் இரத்தம் போகிறவர், கழிக்கும் வழக்கம் கிழமைக்கணக்கில் மாறியவர், காரணமில்லாமல் மெலிபவர், இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்த பெரியவர் ஆகியோர் எந்தச் சோதனைப் பெட்டிக்கும் காத்திராமல் நேரே போதனா வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

ஓடர் கொடுக்கும் கணக்கு. ஒரு தொகுதிக்கு 10 பேருடைய மாதிரி, எல்லாத் தொகுதியிலும் திரும்ப வரும் கலப்புப் பிளாஸ்மா ஒன்று, பிளாஸ்மாவுக்குப் பதில் நீர் விட்ட வெறுமை ஒன்று, ஆக 12. நான்கு தொகுதியில் 48 கொலம் முடியும், 2 கையிருப்பு. ஒரு பெட்டிக்கு 40 பேர் என்றுதான் ஆய்வைத் திட்டமிடுங்கள், 50 என்று அல்ல. பிரைமர்கள்: மிர்-21, மிர்-92ஏ, மிர்-29ஏ மூன்றும் இலக்குகள், மிர்-451ஏ, மிர்-23ஏ, மிர்-39, யுனி.எஸ்.பி.6 நான்கும் தரம் பார்க்க. ஒப்பீட்டுக்கு மேற்சொன்ன மூன்று. மொத்தம் பத்து. ஒரு பிரைமருக்கு ஒரு 96 கிணற்றுத் தட்டு என்று வைத்தால் 40 பேர் இரட்டையாக 80, கலப்புப் பிளாஸ்மா இரட்டையாக 8, வெறுமை ஒற்றையாக 4, மாதிரியே இல்லாத கிணறு 2, தட்டுக்குத் தட்டு ஒப்பிட 2 என்று சரியாக நிறையும். எல்லாரும் ஒரே தட்டில் வருவதால் தட்டு வித்தியாசம் என்ற தலையிடி இல்லை.

பணம் குறைந்தால் இலக்குகளில் ஒன்றை வெட்டுங்கள், தரம் பார்க்கும் நான்கில் எதையும் வெட்டாதீர்கள். விநியோகத்தரிடம் ஆர்.ரி நொதியம் உலர்பனியில் வரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கொழும்பிலிருந்து திங்கள் அல்லது செவ்வாயில் புறப்பட வேண்டும். வெள்ளியில் ஏற்றியது போயா விடுமுறையோடு சேர்ந்தால் பெட்டி யாருமில்லாத அலுவலகத்தில் கிடக்கும். வந்ததும் பெட்டியைத் திறந்து உலர்பனி மிச்சமிருக்கிறதா என்று படம் எடுத்து, இல்லையென்றால் கையெழுத்து வைக்காமல் அங்கேயே அறிவியுங்கள். கொலங்களை உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, லொட் (தயாரிப்புத் தொகுதி) இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பதிவேட்டில் எழுதுங்கள். 40 பேரும் ஒரே லொட்டில் முடிய வேண்டும். ஆகவே எல்லா இரத்தமும் எடுத்து பிறீசரில் சேர்ந்த பிறகுதான் கிற்றுக்கு ஓடர் கொடுப்பது நல்லது.